உள்ளே திறக்கும் கதவு

ஆபீசில் அவளை எல்லோரும் கதவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதை வாசல் காவலரைத் தவிர யாரும் படித்ததில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் செய்த வேலை கதவு, கதவு, கதவுதான். முதலில் குளிர்பதன லாரிகளுக்குக் கதவு வரைந்தாள். அப்புறம் கப்பலின் இயந்திர அறைக்கு. அதற்கும் அப்புறம், ஆழ்கடலில் இறங்குகிற கலத்துக்கு மூடி. கடைசியாக, வேறொரு கிரகத்தின் தரையில் ஓடப்போகிற வண்டிக்குப் பின்கதவு. சிரிக்காதீர்கள். ராக்கெட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே போய் இறங்குகிற மனுஷனுக்குக் கதவு யார் போடுவது?

வண்டி என்றால் ஆளில்லாமல் ஊர்ந்து படம் பிடித்து அனுப்புகிற வண்டி இல்லை. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. பதினான்கு நாள் அதற்குள்ளேயே சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, பத்திரமாகத் தங்குமிடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குளிருக்கு ரப்பர் டயர் பிஸ்கெட் மாதிரி உடையும் என்பதால் கம்பி பின்னிய ஆறு சக்கரங்கள். முன்னால் இரண்டு இருக்கை, நடுவில் மடக்குப் படுக்கை, பின்னால் ஒரு சின்ன அறை. வெளியே போகிறவர் கனமான உடுப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பின்னறைக்குள் நின்று, உள்கதவைச் சாத்தி, காற்றை வெளியேற்றிவிட்டு, பின்கதவைத் திறந்து தரையில் இறங்க வேண்டும். திரும்பி வரும்போது இதே வேலை தலைகீழாக. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். 'நடுத்தரக் குடும்பத்தின் குளியலறை அளவு' என்று அவளே தன் அறிக்கையில் எழுதியிருந்தாள். எழுதும்போது அவள் மனதில் இருந்தது சொந்த வீட்டுக் குளியலறை. நாடாவை எடுத்துப் போய் அளந்தும் பார்த்தாள்.

ஆபீசுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அந்த வண்டியின் முழு அளவு மாதிரி ஒன்று பிளைவுட்டில் நின்றது. செய்தவன் நெட்டை. ஆறடி மூன்று அங்குலம். அவனுக்கு அந்தப் பேரை வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கதவக்கா காகிதத்தில் ஒரு கோடு மாற்றினால், மறுநாள் காலை அது மரத்தில் மாறியிருக்கும். "அக்கா, இந்தத் தடவையாவது முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல நான் இதே பலகையை மறுபடி அறுக்கணுமா?" என்பான். அறுக்கவும் செய்வான்.

திட்டத்தின் தலைவருக்குப் பட்டப்பெயர் கிராம் சார். தலைமுடி நரைத்தது முழுக்க எடையைக் கணக்குப் பார்த்தே என்று பேச்சு. அங்கே அனுப்புகிற பொருளில் ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மனிதர் திருகாணியின் தலையைக் கூடச் சீவச் சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கதவக்காவுக்குத் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தார். கொட்டகையே மூக்கின் மேல் விரலை வைத்தது.

காரணம் இருந்தது. பின்கதவு வெளிப்பக்கம் திறப்பதாக முதலில் வரைந்திருந்தாள். உள்ளே காற்று அழுத்தம், வெளியே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கதவு எந்நேரமும் வெளியே பிய்த்துக்கொண்டு போகத் துடிக்கும். அதை இழுத்துப் பிடிக்க எட்டுத் தாழ், இரட்டைச் சட்டம், கனத்த கீல். ஒரு ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் வந்து கதவைத் திருப்பிப் போட்டாள். உள்ளே திறக்கட்டுமே! உள்ளிருக்கும் காற்றே கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டே தாழ் போதும். ஒன்பது கிலோ மிச்சம். அதற்குத்தான் அந்த டீ.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். அவளை வீட்டில் 'இஞ்சினியரம்மா' என்றுதான் கூப்பிடுவார், கிண்டலாகவும் பெருமையாகவும், எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது. அன்று சாயங்காலம் ஒன்பது கிலோ கதையைச் சொன்னாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சரி, உள்ள இருக்கறவன் மயக்கம் போட்டுக் கதவு மேலயே சாஞ்சுட்டா? வெளிய இருக்கறவன் எப்படித் தள்ளுவான்?"

"பயிற்சி எடுத்தவங்க யாரும் கதவோரமா போய் விழ மாட்டாங்க."

"விழறவன் இடம் பாத்தா விழறான்? எங்க பஸ்ல அவசரக் கதவு வெளியதான் திறக்கும். எந்த மடையன் வேணும்னாலும் திறக்கணும்னுதான் அப்படி வெச்சிருக்கான்."

"உங்க பஸ்ஸும் இதுவும் ஒண்ணா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் சாப்பிட்டார். அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், 'பயிற்சி பெற்றவர் கதவோரத்தில் விழும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கது' என்று ஒரு வரி சேர்த்தாள். அவர் கேட்ட கேள்விக்கு அவள் எழுதிய பதில் அது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவளுக்குப் பிற்பாடு தோன்றிய வரியும் அதுதான்.

அதே மாதம் வீட்டிலும் ஒரு கதவைத் திருப்பினாள். என்ன சொல்ல, கை சும்மா இருந்தால்தானே! குளியலறைக் கதவு வெளியே திறந்து, நடையில் நின்ற வாஷிங் மெஷினில் முட்டிக்கொண்டே இருந்தது. மெஷினுக்கு வேறு இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீல்களைக் கழற்றி, சட்டத்தைக் கொஞ்சம் செதுக்கி, கதவு உள்ளே திறக்கிற மாதிரி மாட்டினாள். அவர் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பிடிச்சுக்கறேன், நீ முடுக்கு. ஆனா சீக்கிரம் முடுக்கு, எனக்கென்ன இருபது வயசா?" வேலை முடிந்ததும் நாலு தடவை திறந்து மூடி, "சூப்பர்" என்றார். ஆபீசில் டீ, வீட்டில் சூப்பர். அந்த மாதம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் வெளியே போனது கிடையாது. அது அவர் வைத்த சட்டம். "சொல்லாம கிளம்பினா அன்னைக்கு எனக்கு வண்டி எடுக்கவே மனசு வராது" என்பார். அவர் விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, தூங்குகிறவளின் காதருகே குனிந்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அவள் குப்பையைக் கொட்டக் கீழே இறங்கினாலும் "போயிட்டு வரேங்க" என்பாள். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "மாடிப்படி இறங்கறதுக்கு இவ்வளவு பில்டப்பா?"

நடந்தது ஒரு விடுமுறை நாள், காலை பதினொரு மணி. வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் குளிக்கப் போயிருந்தார். தொப்பென்று ஒரு சத்தம். வாளி விழுந்ததாக்கும் என்று நினைத்தாள்.

"என்னங்க?"

பதில் இல்லை. தாழ் போட்டிருக்கவில்லை. தள்ளினாள். கதவு நாலு விரல் அகலம் நகர்ந்து எதிலோ மோதி நின்றது. அந்த இடுக்கில் அவர் தோள் தெரிந்தது. மறுபடி தள்ளினாள். தோளால் முட்டினாள். கதவு அவர் மேல்தான் இடித்தது. அவர் நல்ல கனமான ஆள்.

"கொஞ்சம் நகருங்க! ஏங்க, ஒரு அடி நகருங்க, நான் வந்துடறேன்! நகரக் கூடாதா?" கத்தினாள். பயத்தில் வந்த கத்தல்தான். ஆனால் கேட்கிறவருக்குத் திட்டுகிற மாதிரித்தான் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து கதவின் அடியில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. விரல் முட்டியால் தட்டுகிற மெல்லிய சத்தம். உயிர் இருக்கிறது!

கீலைக் கழற்றிவிடலாம் என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கீல் எங்கே இருக்கும்? உள்ளே திறக்கிற கதவுக்குக் கீல் உள்பக்கம்தான் இருக்கும். அவள் முடுக்கிய கீல், அவள் கையால், அவள் இஷ்டத்துக்கு. வெளியே நிற்கிறவளுக்கு ஒரு திருகாணித் தலை கூடக் கண்ணில் படவில்லை. பத்தொன்பது வருஷம் கதவு வரைந்தவள், கையில் திருப்புளியோடு, சொந்த வீட்டுக் கதவின் முன்னால் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள்.

ஆம்புலன்சுக்கு போன் செய்தாள். இருபது நிமிஷம் என்றார்கள். போனைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். இரண்டாம் மாடியிலும் முதல் மாடியிலும் பூட்டு. தரைத்தளத்தில் ஒரு வயதான அம்மா மட்டும். தெருமுனையில் லிப்ட் ரிப்பேர் செய்கிறவரின் கடை. அவரிடம் கடப்பாரை இருந்தது. இருவரும் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தபோது வாஷிங் மெஷின் நின்றிருந்தது. தட்டும் நின்றிருந்தது. லிப்ட்காரர் கதவை நடுவில் பிளந்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. அந்த டாக்டர் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

ஓடி வந்த மகளிடம், "விழுந்த உடனேயே போயிட்டார்மா. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றாள். ஆபீசில் "மாரடைப்பு" என்றாள். பெற்ற பெண்ணுக்கு ஒரு பொய், ஊருக்கு ஒரு பொய். உண்மையை மென்று விழுங்கிவிட்டு அவள் மட்டும் வைத்துக்கொண்டாள்.

குளியலறைக்குக் கதவு இல்லை. ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டினாள். இரண்டாம் வாரம் தச்சர் ஒருவர் வந்து அளவெடுத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "கதவு உள்ள திறக்கணுமா, வெளிய திறக்கணுமாம்மா?" "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டாள். ஊருக்கெல்லாம் கதவு போட்டவள் வீட்டில் திரை தொங்கியது. வார இறுதியில் வரும் மகள், "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தப் போர்வை?" என்று கேட்பாள். "பாக்கலாம்" என்பாள்.

ஐந்து வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். எல்லோரும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். நெட்டை அவள் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தான். மதியம் ஆள் குறைந்ததும் கொட்டகைக்குப் போனாள். பிளைவுட் வண்டியின் பின்கதவில் கையை வைத்துத் தள்ளினாள். அது சமர்த்தாக உள்ளே திறந்தது. உள்ளே குளியலறை அளவுக்கு ஒரு இருட்டு. இந்தப் பின்னறையில் ஒருவர் கதவை மறித்து விழுந்தால் வெளியே இருப்பவர் தரையில் நிற்பார். முதுகுச் சிலிண்டரில் இருக்கிற காற்று தீரும் வரை நிற்பார். அங்கே தெருமுனையில் லிப்ட்காரர் கிடையாது. ஒரு கதவு, இரண்டு பேர் சாவு. வரைந்தது அவள்.

வரைபடங்களை முடித்து ஒப்படைக்கப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குப் பின் உலோகத்தில் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "பின்கதவைத் திருப்பணும் சார். வெளிய திறக்கணும்."

மேஜையைச் சுற்றியிருந்த பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஒன்பது கிலோம்மா" என்றார் கிராம் சார். அவருக்கு அதுவே முழு வாதம்.

"தெரியும் சார். உள்ள ஒருத்தர் கதவை மறிச்சு விழுந்துட்டா..."

"சறுக்குக் கதவு?"

"தூசி புகுந்து சிக்கிக்கும் சார். ஏற்கனவே பாத்தாச்சு."

அவர் அறிக்கையைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் படித்தார். "பக்கம் நாற்பத்திரண்டு. 'பயிற்சி பெற்றவர் கதவோரத்தில் விழும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கது.' எழுதினது நீங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இந்த அஞ்சு வாரத்துல என்னம்மா மாறிடுச்சு?"

இதற்குச் சப்பைக்கட்டாக ஏதாவது சொல்லியிருக்கலாம். புதுக் கணக்கு, புது ஆய்வு என்று எதையாவது. சொன்னால் பத்து நாளில் யாரும் நம்பப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு வழியில்லை. வாயைத் திறந்தாள்.

"என் வீட்டுக்காரர் கதவோரத்துலதான் சார் விழுந்தார். இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினவர். அவருக்கும் பயிற்சி உண்டு."

கிராம் சார் அறிக்கையை மூடி வைத்தார்.

"மாரடைப்புன்னு சொன்னேன். பொய். குளியலறைக் கதவை நான்தான் உள்ள திறக்கற மாதிரி மாத்தினேன். இடம் மிச்சம்னு. உள்ள விழுந்துட்டார். என்னால தள்ள முடியல. கீல் உள்பக்கம். அவர் தட்டினார் சார், நான் வெளிய நின்னேன். கடப்பாரை கிடைக்கப் பதினெட்டு நிமிஷம் ஆச்சு." தண்ணீர் டம்ளரை யாரோ நகர்த்தினார்கள், அவள் எடுக்கவில்லை. "இந்தக் கதவைப் பத்தி இதே கேள்வியை அவர் என்கிட்ட கேட்டார். அவருக்குப் பதிலாத்தான் அந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தை எழுதினேன்."

கிராம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "சோதனை பண்ணிப் பாக்கலாம். நாளைக்குக் காலையில" என்றார்.

மறுநாள் காலை கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். நெட்டை உள்ளே விழுந்து கிடப்பதாகவும், இன்னொருவர் வெளியிலிருந்து தள்ளுவதாகவும் ஏற்பாடு. கதவக்கா ஒற்றைக் காலில் நின்றாள்: "உள்ள நான்தான் படுப்பேன்." கனத்த உடுப்பின் மாதிரியை அவளுக்கு மாட்டினார்கள். மணல் மூட்டைகள் தைத்த உடுப்பு. பின்னறைக்குள் போய், கதவில் தோளைச் சாய்த்து, ஒருக்களித்துப் படுத்தாள். விதி ஒன்றுதான்: உள்ளே இருப்பவர் அசையக் கூடாது, பதில் பேசக் கூடாது. வெளியே நெட்டை, தடித்த கையுறைகளோடு. கிராம் சார் கையில் கடிகாரம்.

கதவு மூடியது. இருட்டு. பிளைவுட்டின் பசை வாசனை.

நெட்டை தள்ளினான். கதவின் விளிம்பு அவள் தோளில் இடித்தது. வலித்தது. அப்போது அவருக்கும் இப்படித்தான் வலித்திருக்கும், தள்ளினது நான்தானே என்று நினைத்தாள்.

"அக்கா, நாலு விரல்தான் நகருது." நெட்டையின் குரல் காதுக்குள் பேசுகிற மாதிரிக் கேட்டது. மரம் சத்தத்தை அப்படியே கொண்டு வந்தது. யாரோ இருமுவது கேட்டது. கிராம் சாரின் செருப்பு தேய்வது கூடக் கேட்டது. எல்லாம் கேட்டது. ஒரு அடி நகருங்க, நகரக் கூடாதா என்று அவள் போட்ட கத்தல் ஒன்று விடாமல் அவருக்குக் கேட்டிருக்கும்.

நெட்டை மறுபடி முட்டினான். மூச்சு வாங்கினான். சோதனைதான் என்பதை அவன் மறந்துபோய்விட்டது குரலில் தெரிந்தது. "அக்கா, இது ஆகாது. நான் போய் நெம்புகோல் எடுத்துட்டு வரேன். அந்தக் கோடியிலதான் இருக்கு. ரெண்டு நிமிஷம். பயப்படாதீங்க, வந்துடுவேன். போயிட்டு வரேங்க்கா."

அவன் காலடிச் சத்தம் தூரம் போனது. கதவக்கா அசையாமல் கிடந்தாள். வெளியே ஆள் இல்லை; ஆனால் அவன் வருவான். சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அவள் சொல்லவில்லை. குப்பை கொட்டப் போனாலும் சொல்கிறவள், அன்று போனைப் போட்டுவிட்டு அப்படியே ஓடினாள். அவர் தட்டிக்கொண்டிருந்தார். திட்டின குரல் திடீரென்று நின்றுபோனது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எங்கே போனாள், வருவாளா, கோபித்துக்கொண்டு போய்விட்டாளா? ஆளில்லாத கதவில் அவர் எத்தனை தடவை தட்டினாரோ. கடப்பாரையை நினைத்து, கீலை நினைத்து, பதினெட்டு நிமிஷத்தை நினைத்துத்தான் ஐந்து வாரம் அழுதிருந்தாள். இதை நினைத்து அழவேயில்லை. இருட்டுக்குள், மணல் உடுப்புக்குள், விதிப்படி அசையாமலும் பேசாமலும் அழுதாள்.

நெம்புகோலும் உதவவில்லை. பதினோராவது நிமிஷம் கிராம் சார் கடிகாரத்தை நிறுத்தினார். "போதும்பா. அவங்களை வெளிய வரச் சொல்லு." அவள் தானாக நகர்ந்து வழிவிட்ட பிறகுதான் கதவு திறந்தது. நெட்டை கைகொடுத்துத் தூக்கினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மரத்தூள் கண்ணுல பட்டுடுச்சு போல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். நல்ல பையன்.

கிராம் சார் ஒன்பது கிலோவைத் தேடி ஏழு நாள் அலைந்தார். கருவிப்பெட்டி மூடி போனது. படுக்கை மடிப்பில் ஒரு குழாய் போனது. தன் செல்லப்பிள்ளையான முன்விளக்குச் சட்டத்தையே அவர் கையால் அடித்துத் திருத்தினார். எட்டாம் நாள் வரைபடத்தில் கதவு வெளியே திறந்தது.

கதவோடு போக வேண்டிய செயல்முறைக் குறிப்பையும் அவளே எழுதினாள். பதினான்கு வரி. பன்னிரண்டாவது வரியில் கிராம் சாரின் பென்சில் நின்றது. 'உதவி தேடி விலகும் முன், வெளியே இருப்பவர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலும் சொல்ல வேண்டும்.'

"இதுக்கு எடை எவ்வளவும்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்ப இருக்கட்டும்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மகள் வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் கிடந்த அந்தக் குறிப்புக் காகிதத்தை, நகத்தைக் கடித்துக்கொண்டே படித்தாள். பகல் மூன்று மணிக்குக் கொட்டகையில் முதல் உலோகக் கதவைப் பொருத்துவதாக இருந்தது. கதவக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"பதில் வராவிட்டாலும்... இது எதுக்கும்மா? எல்லாரும் ரேடியோல பேசிட்டுத்தானே இருப்பாங்க?"

சும்மா ஒரு விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். கதவக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கீலிலிருந்து கடப்பாரை வரை.

"உடனே போயிட்டார்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"தட்டினாரா?"

"தட்டினார்."

"நீ போறப்ப அப்பாகிட்ட சொல்லலையா? நம்ம வீட்டுலயாம்மா?"

"சொல்லலடி. சொல்லாம ஓடிட்டேன்."

மகள் எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுத மாதிரியே வாய்விட்டு அழுதாள்.

கதவக்கா அந்தக் கதவின் முன்னால் நின்றாள். போன் அடித்தது. நெட்டைதான்: "அக்கா, எல்லாரும் வந்தாச்சு. நீங்க இல்லாம தாழைப் போட மாட்டேங்கறார் சார்." வந்துவிடுகிறேன் என்று வைத்தாள். போகாமலும் இருக்க முடியாது. ஓசைப்படாமல் நழுவினால் பெண் இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கவனிக்கவே மாட்டாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா கொட்டகைக்குப் போறேன்டி. புதுக் கதவு மாட்டறாங்க. ஆறு மணிக்கு வந்துடுவேன். போயிட்டு வரேன்."

பதில் வரவில்லை. கொஞ்சம் நின்று பார்த்தாள். இன்னொரு முறை, அதே வார்த்தைகளை, அதே மாதிரிச் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, போர்வை தொங்கும் குளியலறையைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருந்தபோது மேலே தாழ் விலகும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"ஆறு மணின்னா ஆறு மணிக்கு வரணும்" என்றாள்.

"வந்துடறேன்" என்றாள் கதவக்கா.